சிவப்பு எங்க நிக்குது?

நான் வேலை பார்த்த கடையில் மின்வயர்களை நிறம் பார்த்து இணைக்கிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு வயரின் நுனியிலும் வெள்ளை நாடா சுற்றியிருக்கும். அதில் பேனாவால் ஓர் எழுத்து எழுதியிருக்கும். சிவப்பு வயருக்கு ‘சி’, பச்சைக்கு ‘ப’, நீலத்துக்கு ‘நீ’. நிறம் கண் முன்னாலேயே இருக்கிறபோது எழுத்து எதற்கு என்று அண்மையில் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் கடையில் புதிதாக ஒன்று வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கு வந்திருந்தது ஒரு லேசர் பெட்டி. மின்சாரம் கொடுத்து, கைத்தொலைபேசியில் படத்தைத் தட்டினால் சுவரில் வண்ண வண்ணமாக வரைகிறது.

“அக்கா, இதை நீங்களும் யோகராசா ஐயாவும் கையால செய்தனீங்களாமே? உண்மையோ?” என்றும் அவர்கள் கேட்டார்கள்.

உண்மைதான் என்றேன். வயர்களின் எழுத்தைப் பற்றி, அது யோகராசா அண்ணன் வைத்த ஒழுங்கு என்று மட்டும் சொன்னேன். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கடை திருகோணமலையில், உள்துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒரு வீதியில் இருக்கிறது. கலியாணம், திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எதற்கும் ஒலிபெருக்கியும் விளக்கும் வாடகைக்குக் கொடுப்போம். யோகராசா அண்ணன்தான் முதலாளி. யோகண்ணை என்று கூப்பிடுவேன். நான் தையல் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் மோட்டார் திருத்திக்கொண்டிருந்துவிட்டு அவரிடம் வந்தவள். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈயம் உருக்கிப் பற்றவைக்கப் பழகினேன். ஏணியில் ஏறப் பழகினேன். சேலை கட்டாமல் ஏணியில் நிற்கிற பொம்பிளையைப் பற்றிக் கீழே நிற்பவர்கள் கதைக்கிற கதையைக் காதில் போடாமல் இருக்கவும் பழகினேன்.

யோகண்ணை அதட்டிப் பேசமாட்டார். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டியிருப்பார். வேலை சொல்லும்போது கட்டளையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்பார். மேடை விளக்குகளுக்கு முன்னால் செருகுகிற வண்ணத் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, “பத்மா, இது என்ன நிறம், சொல்லுங்கோ பாப்பம்” என்பார்.

ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. பொம்பிளை என்றபடியால் சின்னப் பிள்ளையைப் போல என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். போகப் போக அந்தச் சோதனையில் எனக்கு ஒரு ருசி ஏற்பட்டது. சிவப்பு என்று சொல்வதோடு நிற்கமாட்டேன். “இது குங்குமச் சிவப்பு. மற்றது செங்கல் மாதிரி, கொஞ்சம் மண்ணிறம் கலந்தது” என்பேன். அவர் “ம்ம்” என்று தலையாட்டிவிட்டுத் தாளின் மூலையில் எழுதி வைப்பார். அந்த “ம்ம்”மைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து, மாலையில் விழா வைக்கலாம் என்ற நிலை வந்த பிறகு எங்கள் வேலை பெருகியது. நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றில் கொழும்பிலிருந்து வந்த குழு ஒன்று லேசர் காட்சி நடத்தியது. யோகண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த நாள் காலையில் கதிரையில் உட்காராமல் கடைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

“சனம் ஆ எண்டு வாயைப் பிளந்துகொண்டு நிக்குது, பத்மா. நாங்களும் ஒண்டு செய்தால் என்ன?”

“வாங்க ஏலாதே, அண்ணை.”

“ஆர் வாங்கச் சொன்னது? செய்வம்.”

செய்தோம். பழைய டிவிடி பதிவுப் பெட்டிகளைக் கழற்றிச் சிவப்பு லேசரை எடுத்தோம். பழுதாகிக் கிடந்த அலுவலகப் புரொஜெக்டர் ஒன்றிலிருந்து நீலத்தை எடுத்தோம். பச்சையை மட்டும் வெளிநாட்டிலிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் அனுப்பினார். படகு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய தடித்த அலுமினியத் தகட்டின் மேல் இவற்றைப் பூட்டினோம்.

லேசரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று நிறக் கதிர்களும் மூன்று மூலையிலிருந்து வருகின்றன. நடுவில் சின்னக் கண்ணாடித் துண்டுகள் நிற்கின்றன. ஒரு நிறத்தை ஊடே போகவிட்டு மற்ற நிறத்தைத் திருப்பிவிடுகிற கண்ணாடி அது. அப்படித் திருப்பித் திருப்பி மூன்று கதிரையும் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும். சேர்ந்த கதிர் இரண்டு மிகச் சிறிய ஆடிகளில் பட்டு வெளியே போகும். ஓர் ஆடி மேலும் கீழும் ஆடும், மற்றது இடமும் வலமும் ஆடும். கண் பிடிக்க முடியாத வேகத்தில் அவை ஆடுவதால் சுவரில் போகிற ஒற்றைப் புள்ளி நமக்குக் கோடாகவும் படமாகவும் தெரிகிறது.

பூட்டுவது பெரிய வேலை இல்லை. சேர்ப்பதுதான் வேலை. கடையின் பின்னறையில் யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். உள்ளே போக முன்னர் மணிக்கூடு, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் இருந்த வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட வேண்டும். மினுங்குகிற எதிலாவது கதிர் பட்டுத் தெறித்தால் கண் போய்விடும். என் தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொள்வேன். ஒருநாள் கலியாண வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் வேலையைப் பார்க்க வந்து, மோதிரத்தைக் கழற்றமாட்டேன் என்று நின்றார். யோகண்ணை லேசரை நிறுத்திவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை கூட இருந்து கதைத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் மறுபடி தொட்டார்.

இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. பெட்டியின் மூடி திறந்திருக்கிறபோது மின்னோட்டத்தைக் கூட்டக்கூடாது. புள்ளி தெரிகிற அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். மேசை மட்டத்துக்குத் தலையைக் குனியக்கூடாது. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டியவர் அவர்தான்.

அவர் கண்ணாடித் துண்டுகளைத் திருப்புகிற திருகாணிகளுக்குப் பக்கத்தில் நிற்பார். நான் அட்டைக்குப் பக்கத்தில் நிற்பேன். கிட்ட ஒரு வெள்ளை அட்டை, தூரச் சுவரில் இன்னொன்று. இரண்டிலும் நடுவில் ஒரு குறி. கிட்ட உள்ள குறிக்குக் கதிரைக் கொண்டுவந்தால் தூரக் குறியில் விலகும். தூரத்தைச் சரிசெய்தால் கிட்ட விலகும். இரண்டு திருகாணியையும் மாறி மாறித் தொட்டு, விலகலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். முதலில் பச்சை. பச்சைக்கு மேல் நீலம். கடைசியில் சிவப்பு.

பச்சையையும் நீலத்தையும் அவரே பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார். சிவப்பு வந்தவுடன் கேள்வி தொடங்கும்.

“சிவப்பு எங்க நிக்குது, பத்மா?”

“மேல. இடப்பக்கம். ஒரு நெல்லளவு.”

“இப்ப?”

“கிட்ட வந்திட்டுது. இன்னும் கொஞ்சம் கீழ.”

“இப்ப?”

மூன்றும் முதன்முதலாக ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த நாள் எனக்கு மறக்காது. நீலமும் பச்சையும் சேர்ந்து வெளிறின கடல் நிறமாக நின்ற புள்ளிக்குள் சிவப்பு நுழைந்தது. புள்ளி பளீரென்று வெள்ளையாகிவிட்டது. “வெள்ளை! அண்ணை, வெள்ளை!” என்று சத்தம் போட்டேன். அவர் சுவரடிக்கு வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வடிவா இருக்கோ?”

“என்னட்டை ஏன் கேக்கிறீங்கள்? உங்களுக்கே தெரியுதுதானே” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் புதிய மண்டபம் திறக்க இருந்தார்கள். அதிபர் அம்மா எங்களிடம் வந்து, பிள்ளைகள் கீறிய படங்களை லேசரில் மண்டபத்துச் சுவரில் காட்ட முடியுமா என்று கேட்டார். வள்ளம், மீன், செவ்வரத்தம்பூ, சைக்கிளில் போகிற அப்பா. யோகண்ணைக்கு அந்தப் படங்களில் உயிர். ஒவ்வொன்றையும் கணினியில் கோடு கோடாக அவரே ஏற்றினார். எந்தக் கோட்டுக்கு என்ன நிறம் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு ஏற்றினார்.

ஒத்திகைக்குப் பெட்டியைக் கடையின் வான் வண்டியில் கொண்டுபோனோம். கரையோரப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனதில் சிவப்புக் கதிர் இடம் மாறிவிட்டது. சுவரில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு பிரிந்து நின்றது. நான் சொன்னபோது யோகண்ணையின் முகம் செத்துப்போயிற்று. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தோம். அடுத்த நாள் கட்டைபறிச்சானில் என் மாமியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு.

“நாளையிண்டைக்கு நான் வந்திடுவன், அண்ணை. வந்து சேந்து பாப்பம். விழாவுக்கு நாள் கிடக்குது.”

“ஓம், ஓம். நீங்கள் போட்டு வாங்கோ.”

நான் போன பிறகு அதிபர் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. பிரதம விருந்தினருக்கு வசதிப்படாததால் விழாவை முந்திய நாளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். யோகண்ணை எனக்கு அறிவிக்கவில்லை. செத்த வீட்டு அலுவலில் இருக்கிறவளைக் கூப்பிடக்கூடாது என்று நினைத்தாராம். தனியே பின்னறைக்குள் போய், மணிக்கூட்டைக் கழற்றிப் பேணிக்குள் போட்டுவிட்டு, மூடியைத் திறந்திருக்கிறார்.

அட்டையில் சிவப்பு தெரியவில்லை. மின்னோட்டத்தைக் கூட்டினார். அப்போதும் ஒரு மங்கல்தான். இன்னும் கூட்டினார். புள்ளியைக் கிட்டப் பார்க்கலாம் என்று குனிந்தார். கண்ணாடித் துண்டு ஒன்றின் விளிம்பில் பட்டுத் தெறித்த கதிர் வலக்கண்ணுக்குள் போயிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பிரகாசத்துக்குக் கண் தானாக மூடியிருக்கும், தலை தானாகத் திரும்பியிருக்கும். அவருக்கு அது பிரகாசமாகத் தெரியவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான் பஸ்ஸால் இறங்கிக் கடைக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் வைத்தியசாலைக்கு ஓடினேன். கண் கிளினிக் வாசலில் போட்டிருந்த நீள வாங்கிலில் யோகண்ணை முழுக்கைச் சட்டையோடு நேராக உட்கார்ந்திருந்தார்.

“ஒண்டுமில்லை, பத்மா. நடுவில ஒரு கறுப்பு நிக்குது. நீங்கள் இருக்கிறது தெரியுது, முகம்தான் தெரியேல்ல.”

டொக்டர் ஓர் இளம் பெண். மெஷினைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார். எந்த நிறக் கதிர், எவ்வளவு பலம் என்று கேட்டார். சொன்னேன். அவர் யோகண்ணையின் பக்கம் திரும்பினார்.

“இவ்வளவு வெளிச்சத்தை எப்பிடி ஐயா பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?”

“வெளிச்சம் இல்லை, டொக்டர். மங்கலாத்தான் கிடந்தது.”

டொக்டர் எழுந்து அலுமாரியைத் திறந்து ஓர் அட்டைக் கட்டை எடுத்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வட்டம். வட்டம் நிறைய வண்ணப் பொட்டுகள். வலக்கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு, நல்ல கண்ணுக்கு முன்னால் ஒன்றைப் பிடித்தார்.

“இதில என்ன இலக்கம் கிடக்குது, ஐயா?”

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பச்சைப் பொட்டுகளுக்கு நடுவே சிவப்புப் பொட்டுகளால் எழுதிய இலக்கம் எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது. யோகண்ணை தலையை முன்னுக்கு நீட்டிப் பார்த்தார். டொக்டர் அடுத்ததைப் பிடித்தார். அடுத்ததையும் பிடித்தார்.

“இலக்கம் ஒண்டும் இல்லை, டொக்டர்.”

“இது இந்தக் காயத்தால வந்தது இல்லை, ஐயா. இது உங்களுக்குப் பிறப்பிலேயே...”

“எனக்குத் தெரியும்” என்றார் யோகண்ணை. திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து மறுபடி அதே வாங்கிலில் இருந்தோம். அவராகவே சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத்து இயந்திரப் படகில் வேலை செய்தவர். மகனும் கடல் வேலைக்கு மனுப்போட்டான். நீச்சல், எழுத்து, உடம்பு எல்லாவற்றிலும் தேறினான். கடைசியில் ஓர் இருட்டறைக்குள் இருத்தி, தூரத்தில் சின்ன விளக்குகளைக் காட்டி, சிவப்பா பச்சையா என்று கேட்டிருக்கிறார்கள். துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த இரண்டு நிறம்தான் சொல்லும்.

“நான் குத்துமதிப்பாச் சொன்னனான். வெளியில வந்தவுடன விளங்கீட்டுது. வீட்டில, எனக்கு அந்த வேலை விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டன். அப்பா சாகுமட்டும் என்னோட சரியாக் கதைக்கேல்ல.”

“அப்ப ஏன் அண்ணை இந்தத் தொழிலுக்கு வந்தனீங்கள்? முழுக்க நிறம்தானே?”

“அதுதான்” என்றார். “எல்லாரும் எதைப் பாத்து இப்பிடிச் சந்தோசப்படுகினம் எண்டு கிட்ட நிண்டு பாக்க ஆசை.”

 மேடைத் தாள்கள், வயர் நுனிகள், “சொல்லுங்கோ பாப்பம்”, “இப்ப?”, “இப்ப?” எல்லாம் என் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவர் என்னைச் சோதித்ததே இல்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். அத்தனை வருடமும் நான் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

விழா மறுநாள் என்பதால் சிவப்பை அன்றிரவே நான் தனியே சேர்த்தேன். திருகாணிக்கும் சுவருக்கும் நடுவில் நானே நடந்து, நானே கேட்டு, நானே பதில் சொன்னேன். யோகண்ணை பின்னறைக்கு வரவில்லை. விழாவுக்கு மட்டும் வானில் வந்தார். பொழுதுபட்டதும் படங்கள் சுவரில் ஏறின. தன் வள்ளத்தைக் கண்ட பிள்ளை ஒன்று, “என்ரை! அது என்ரை!” என்று கத்திக்கொண்டு சுவரடிக்கு ஓடியது. செவ்வரத்தம்பூ விரிந்தபோது மண்டபம் முழுவதும் கைதட்டியது. நான் திரும்பி அவரைத் தேடினேன். மண்டபத்தில் இல்லை. வெளியே வானுக்குள், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். “முடிஞ்சுதோ?” என்று மட்டும் கேட்டார்.

வலக்கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. சில மாதங்களில் கடையைத் தங்கையின் மகனிடம் கொடுத்துவிட்டுத் தம்பலகாமத்தில் தங்கை வீட்டோடு போய் இருந்துவிட்டார். மெஷின் வேலையெல்லாம் என் பொறுப்புக்கு வந்தது. நாங்கள் செய்த பெட்டி பல விழாக்களுக்குப் போய் வந்தது. நல்ல பெயரும் வந்தது. அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். என்னைக் கண்டால் அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு நின்றுவிடுவேன். இப்படியே வருடங்கள் போய்விட்டன. எனக்கு மிகவும் துக்கமான பகுதி இதுதான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன். அறுவடை முடிந்த காலம். முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. யோகண்ணை மெலிந்திருந்தார். முழுக்கைச் சட்டை இல்லை. வெறும் பெனியனோடு மாமர நிழலில் கதிரை போட்டிருந்தார். வெட்கம் ஒன்றையும் நான் காணவில்லை. “பத்மாவோ? குரலை மறப்பனே!” என்று எழுந்துவந்தார். வயலுக்கு யானை வந்த கதை, மருமகன் கடை நடத்துகிற கதை என்று வெகுநேரம் கதைத்தோம். பிறகு நான் கேட்டேன்.

“அண்ணை, அண்டைக்கு முதல்தரம் வெள்ளை வந்ததே. உங்களுக்கு அது எப்பிடித் தெரிஞ்சது?”

அவர் யோசித்தார்.

“வெள்ளையாத்தான் தெரிஞ்சது. ஆனா நீங்கள் சத்தம் போட முதலே அது எனக்கு வெள்ளைதான். சிவப்பு சேர முதலும் வெள்ளை, சேந்த பிறகும் வெள்ளை. என்ன மாறினது எண்டுதான் சுவரடியில நிண்டு தேடினனான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணை.”

“ஓம். சொல்லியிருக்கலாம். உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.”

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று அப்போது எனக்குப் பட்டது. ஆண்டுக்கணக்காக அவர் என்ன நிறம் என்று என்னைக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமே வரவில்லை.

பின்னேரம் கண்டி வீதிவரை கூட நடந்து வந்தார். பஸ் தரிப்பில் நின்றோம். தூரத்தில் ஏதோ வந்தது. சிவப்பு நிற அரசாங்க பஸ்ஸில் ஏறினால் கடையடியில் இறங்கலாம். மற்றது சுற்றிப் போகும். அவர் நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வாறது சிவப்பு பஸ்ஸோ, பத்மா? எனக்குத் தெரியேல்ல.”

“ஓம், அண்ணை. சிவப்பு.”

அவரே கையைக் காட்டி மறித்தார்.